பாட்ஸும் வயிறும்: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் விடுவது

எழுந்து நின்றதும் இதயத் துடிப்பு எகிறும் பாட்ஸ் நோய்க்குறி தமக்கு இருப்பதாகப் புதிதாகத் தெரிந்துகொண்டவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எதையெல்லாம் சாப்பிடக் கூடாது?" இந்த வழிகாட்டியில் அது ஒன்பதாவது, கடைசிப் படியில் வர வேண்டிய கேள்வி. நானும் அதைத்தான் முதலில் கேட்டேன். கோதுமை, பால், பருப்பு என்று ஒவ்வொன்றாக நிறுத்தினேன். நான்கே மாதத்தில் ஆறு கிலோ குறைந்தது. குமட்டல் மட்டும் அப்படியே இருந்தது.

பாட்ஸ் என்று ஏற்கெனவே உறுதியானவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதாவது, நின்ற பத்து நிமிடத்துக்குள் துடிப்பு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் ஏற வேண்டும்; 12 முதல் 19 வயதினருக்கு 40. ரத்த அழுத்தம் பெரிதாக விழக் கூடாது. தொல்லை மூன்று மாதமாவது நீடித்திருக்க வேண்டும். மருத்துவரைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டிய வேலை இது. படிகளின் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

1. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

மேல்கையில் கட்டும் ரத்த அழுத்தக் கருவி ஒன்று, எடை பார்க்கும் கருவி ஒன்று, ஒரு நோட்டு, சமையலறையில் ஒரே அளவான ஒரு தேக்கரண்டி. இவை போதும்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். பாட்ஸ் உள்ள பலருக்கு விரல்கள் சில்லிட்டுப் போகும். சில்லிட்ட விரலில் அது துடிப்பைத் தவறவிடும்.

சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மருந்துக் கடையில் நீங்களே கேட்டு வாங்கியவையும் அதில் இருக்க வேண்டும்.

2. பாட்ஸ் மேல் பழி போடும் முன் மற்ற நோய்கள் இல்லை என்று உறுதிசெய்யுங்கள்

பாட்ஸ் என்ற பெயர் கிடைத்ததும் எல்லா வயிற்றுத் தொல்லையையும் அதன் கணக்கில் எழுதிவிடுகிறோம். மலத்தில் ரத்தம், கருமையான மலம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி அல்லது பேதி, விழுங்குவதில் சிரமம், தொடர் வாந்தி, காரணமில்லாத எடைக் குறைவு, காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். குடும்பத்தில் குடல் புற்றுநோய் இருந்தாலும் அப்படியே.

அடிப்படை ரத்தப் பரிசோதனையில் தைராய்டு கட்டாயம் இருக்கட்டும். தைராய்டு மிகுந்தால் படபடப்பும் வரும், பேதியும் வரும். பாட்ஸ் மாதிரியே தோன்றும்.

வரிசை ஏன் முக்கியம் என்பது இந்த இடத்திலேயே தெரிந்துவிடும். கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையைக் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டும். மாதக்கணக்கில் சப்பாத்தியை நிறுத்திவிட்டுப் போனால், நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டக்கூடும். நான் அப்படித்தான் போனேன். மறுபடி பல வாரங்கள் கோதுமை சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

3. ஏழு நாள் நோட்டு

எல்லோரும் அவசரப்பட்டுத் தாண்டுவது இந்தப் படியைத்தான். என்ன சாப்பிட்டோம் என்பதை மட்டும் எழுதுகிறார்கள். துடிப்பையும் உடல் நிலையையும் எழுதுவதில்லை. அவை இல்லாத நோட்டு வெறும் சமையல் பட்டியல்.

தினமும் ஒரு வேளை உணவைத் தேர்ந்தெடுங்கள். சாப்பிடும் முன் ஐந்து நிமிடம் படுத்துத் துடிப்பைப் பாருங்கள். பிறகு சுவரில் சாய்ந்து நின்று ஒன்றாம், ஐந்தாம், பத்தாம் நிமிடங்களில் பாருங்கள். சாப்பிட்டு முக்கால் மணி நேரம் கழித்து அதையே மறுபடி செய்யுங்கள். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். கண் இருட்டினால் பத்து நிமிடத்துக்குக் காத்திருக்காமல் உட்கார்ந்துவிடுங்கள்.

என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது:

காலை 7.40. படுத்து 72, நின்று ஐந்தாம் நிமிடம் 104.
இட்லி நான்கு, சாம்பார், ஒரு டம்ளர் காபி.
காலை 8.50. படுத்து 86, நின்று ஐந்தாம் நிமிடம் 131. குமட்டல், தலை கனம், கை நடுக்கம். வயிற்று வலி இல்லை. படுத்ததும் பத்து நிமிடத்தில் குமட்டல் போய்விட்டது.

இதில் பொன்னான வரி கடைசி வரி. படுத்ததும் குமட்டல் அடங்குகிறது என்றால், பெரும்பாலும் அது ரத்த ஓட்டத்தின் வேலை. படுத்தாலும் உட்கார்ந்தாலும் நின்றாலும் ஒரே மாதிரி இருந்தால், இரைப்பையையோ குடலையோ தனியாகச் சோதிக்க வேண்டும். முதல் வகைக்கு நான்காம், ஐந்தாம் படிகளிலேயே பாதி தீர்வு கிடைக்கும். இரண்டாம் வகைக்கு ஏழாம் படி வரை போக வேண்டியிருக்கும். பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும். எது எத்தனை பங்கு என்பதை நோட்டுதான் சொல்லும்.

ஒவ்வொரு தொல்லைக்கும் எதிரே "படுத்தால்?" என்று ஒரு கட்டம் போட்டு வையுங்கள். மலம் எத்தனை நாளுக்கு ஒருமுறை, கட்டியா கூழா நீரா, மாதவிலக்கு நாள் எது என்பவையும் வேண்டும். மாதவிலக்கை ஒட்டிய நாட்களில் பலருக்குப் படபடப்பு, வயிறு இரண்டின் தொல்லையுமே கூடும். அந்த வாரத்தில் மட்டும் நோட்டு போட்டால் கணக்கு தப்பாகும்.

4. நீரும் உப்பும்

சாப்பாட்டைத் தொடும் முன் ரத்த அளவைச் சரிசெய்ய வேண்டும். பாட்ஸ் உள்ள பலருக்கு ரத்தத்தின் அளவே குறைவு. இருக்கும் கொஞ்சத்தையும் சாப்பாட்டுக்குப் பிறகு குடல் இழுத்துக்கொண்டால், மூளைக்கும் இதயத்துக்கும் பற்றாக்குறைதான். குமட்டலும் அதன் பின்னாலேயே வரும்.

பாட்ஸுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு, நாளொன்றுக்கு இரண்டு முதல் மூன்று லிட்டர் நீர். சாப்பாட்டில் இருப்பதையும் சேர்த்து சுமார் 10 கிராம் உப்பு. தலை தட்டிய ஒரு தேக்கரண்டி உப்பு ஏறக்குறைய 5 முதல் 6 கிராம். நம் சமையலில் ஏற்கெனவே உப்பு அதிகம். முதலில் வீட்டுச் சாப்பாட்டில் எவ்வளவு போகிறது என்று கணக்கிட்டு, மிச்சத்தை மட்டும் சேருங்கள். ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு, இதயச் செயலிழப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவர் சொல்லாமல் இதைத் தொடவே கூடாது.

புதியவர்கள் தடுக்கி விழுவது உப்பைச் சேர்க்கும் விதத்தில். வெறும் வயிற்றில் உப்பு மாத்திரை அல்லது ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்த ஒரு டம்ளர் நீர். அடுத்த அரை மணி நேரத்தில் வாந்தி. செறிவான உப்புநீர் குடலுக்குள் நீரை இழுக்கும். வாந்தி இல்லாவிட்டால் பேதி. அதற்குப் பதிலாக 250 மில்லி மோரில் கால் தேக்கரண்டி, ரசத்தில் கொஞ்சம், கஞ்சியில் கொஞ்சம் என்று நாள் முழுக்கப் பிரித்துப் போடுங்கள். ஊறுகாயும் அப்பளமும் உப்புக்கு வழியாகத் தெரியலாம். ஆனால் அவற்றோடு சேர்ந்து வரும் எண்ணெயும் காரமும் நெஞ்செரிச்சலைக் கூட்டும்.

ஓஆர்எஸ் தூள் நல்ல வழி. குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து இருந்தால் குடல் இரண்டையும் ஒன்றாக உறிஞ்சும். நீரும் கூடவே போகும். உலக சுகாதார நிறுவனச் சூத்திரப்படி ஒரு லிட்டரில் 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் இருக்கும். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்துக் குடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது மருந்து இல்லை, தண்டனை. அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானங்களையும் ஓஆர்எஸ் என்று நம்ப வேண்டாம். இந்தச் சூத்திரத்துக்குப் பொருந்தாத பானங்களின் பெயரில் அந்தச் சொல்லைப் போடக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. பழைய பழக்கத்தில் கேட்டு வாங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இளநீரும் இதற்கு மாற்று ஆகாது. அதில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு.

காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன் இரண்டு டம்ளர் நீரைக் குடித்துவிட்டு ஐந்து பத்து நிமிடம் உட்காருங்கள். இரவே பாட்டிலைத் தலைமாட்டில் வைத்துவிடுங்கள். காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்றால் அதற்கு எழுந்து நடக்க வேண்டியிருக்கும். மொத்த நோக்கமும் அங்கேயே போய்விடும்.

இந்தப் படியை மட்டும் இரண்டு வாரம் செய்யுங்கள். அடுத்ததை இதனோடு சேர்த்துத் தொடங்கினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

5. தட்டின் அளவு, நேரம், உட்காரும் விதம்

ஓய்வில் இருக்கும்போதே இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய கால் பங்கு வயிற்று உறுப்புகளுக்குப் போகிறது. சாப்பிட்டதும் அது இன்னும் கூடும். மற்றவர்களுக்கு உடலின் வேறு பகுதிகளில் ரத்தக் குழாய்கள் சுருங்கி ஈடுகட்டிவிடும். நமக்கு அந்த ஈடு போதாமல் போகிறது. சாப்பாடு பெரிதாக ஆக இந்த இழுப்பும் பெரிதாகிறது.

ஆகவே மூன்று வேளையை ஐந்தாறாகப் பிரியுங்கள். இது எல்லோரும் சொல்வதுதான். சொல்லாத விஷயம், ஒரே வேளையில் மாவுச்சத்து எவ்வளவு குவிகிறது என்பது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாட்ஸ் உள்ளவர்களுக்கு 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துப் பார்த்தபோது, நிற்கையில் துடிப்பும் தொல்லையும் கூடின. அப்போது குடலில் சுரக்கும் ஒரு ஹார்மோன் மிகுந்திருந்ததையும் அவர்கள் கண்டார்கள். நம் காலை உணவோ இட்லி, தோசை, பொங்கல், இடியாப்பம். மதியம் சோற்று மலை. இவற்றை விட வேண்டியதில்லை. நான்கு இட்லி இரண்டாகட்டும். கூட ஒரு முட்டையோ கெட்டியான பாசிப்பருப்போ தயிரோ வரட்டும். விட்டுப்போன இரண்டு இட்லியைப் பத்தரை மணிக்குச் சாப்பிடுங்கள். என் நோட்டில் இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு சாப்பாட்டுக்குப் பின் நின்ற துடிப்பு 131 என்பது 115 பக்கம் இறங்கியது.

சாப்பாட்டோடு இரண்டு டம்ளர் நீர் குடிக்காதீர்கள். வயிறு சீக்கிரம் நிறைந்து, உணவு பாதியில் நின்றுவிடும். அரை மணி நேரம் முன்போ பின்போ குடியுங்கள்.

சமைப்பவர் யார் என்பதையும் பாருங்கள். அடுப்பின் முன் ஒரு மணி நேரம் வெக்கையில் நின்றுவிட்டு, எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிட உட்காரும் பெண்ணுக்கு அந்த நேரம் ரத்தமெல்லாம் காலில்தான் இருக்கும். அதன் மேல் சோறு. "சாப்பிட்டாலே எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்பார். சாப்பாட்டின் மேல் குற்றமில்லை. சமையலறையில் உயரமான ஒரு ஸ்டூல் போடுங்கள். சமைத்து முடித்ததும் இருபது நிமிடம் படுத்துவிட்டுச் சாப்பிடுங்கள். அல்லது முதல் ஆளாகச் சாப்பிடுங்கள். கடைசி யோசனைதான் வீடுகளில் மிகக் கடினமானது, எனக்குத் தெரியும்.

சாப்பிட்டதும் வெந்நீரில் குளிப்பதையும் வெயிலில் போவதையும் ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். சூடு தோலுக்கு ரத்தத்தை இழுக்கும். குடல் ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருக்கும்.

உட்காரும் விதத்தில் ஒரு சிக்கல் உண்டு. தட்டையாகப் படுத்தால் ரத்த ஓட்டத்துக்கு நல்லது, ஆனால் அமிலம் மேலே ஏறும். நிமிர்ந்து உட்கார்ந்தால் அதற்கு நேர்மாறு. இதற்கு விடை நம் திண்ணையிலேயே இருந்தது: துணி போட்ட பழைய ஈசி சேர். முதுகு பாதி சாய்வு, கால்கள் ஒரு முக்காலியின் மேல். அரை மணி நேரம் போதும். ரத்தக் குழாய்களைச் சுருக்கும் மிடோட்ரின் மாத்திரை எடுப்பவர்கள் எடுத்த நான்கு மணி நேரத்துக்குத் தட்டையாகப் படுக்கவே கூடாது. ரத்த அழுத்தம் மிகவும் ஏறிவிடும். அவர்களுக்கும் இந்தச் சாய்வுதான் வழி.

இரவில் நெஞ்செரிச்சல் இருந்தால் கட்டிலின் தலைப்பக்கக் கால்களின் கீழ் செங்கல் வைத்து நான்கு முதல் ஆறு அங்குலம் உயர்த்துங்கள். தலையணைகளை அடுக்காதீர்கள். அவை இடுப்பில் மடித்து வயிற்றை அமுக்கும்.

பிரசவத்துக்குப் பிறகு கட்டும் வயிற்றுப் பட்டியைப் போன்ற ஒன்றும் உதவும். வயிற்றில் தேங்கும் ரத்தத்தை அது மேலே தள்ளும். முழங்கால் வரை போடும் காலுறையைவிட இதற்குப் பலன் அதிகம். எழும் முன் கட்டுங்கள், படுக்கும்போது கழற்றுங்கள். சாப்பிட்ட பின் எதுக்களித்தால் தளர்த்துங்கள்.

6. மலச்சிக்கலை முதலில் தீர்த்துவிட்டு மேலே போங்கள்

பெருங்குடல் அடைத்துக்கிடந்தால் இரைப்பையும் மந்தமாகிறது. அதனால்தான் குமட்டலுக்கு மாத்திரை தேடும் முன் மலச்சிக்கலைப் பார்க்கச் சொல்கிறேன். முக்கிச் சிரமப்படும்போது இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். குந்தி உட்காரும் கழிவறையிலிருந்து சட்டென்று எழுந்தால் மயக்கம் வரும். சுவரில் ஒரு கைப்பிடி பொருத்துங்கள். மேற்கத்தியக் கழிவறையில் காலுக்குக் கீழே சின்ன பலகை போட்டால் குந்தும் வசதியும் கிடைக்கும், எழுவதும் எளிது.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது முப்பது நிமிடத்தில் குடல் தானாக அசையும். அந்த நேரத்தை வேறெதற்கும் கொடுக்காதீர்கள்.

நார்ச்சத்துத் தூளான இசப்கோல் எல்லோருக்கும் ஆகாது. இரைப்பை மெதுவாகக் காலியாகும் ஒருவருக்கு அது வயிற்றிலேயே கட்டியாகித் தங்கும். பாலிஎத்திலீன் கிளைக்கால் போன்ற, நீரைப் பிடித்துவைக்கும் மருந்து பலருக்கு மேலானது. அளவை மருத்துவர் சொல்வார். எல்லாம் செய்தும் வெளியேற மறுத்தால், இடுப்புத் தளத் தசைகள் தளர வேண்டிய நேரத்தில் இறுகுகின்றனவா என்று சோதிக்கக் கேளுங்கள். அதற்கு மருந்தைவிடப் பயிற்சிதான் வேலை செய்யும்.

7. இரைப்பை எவ்வளவு வேகத்தில் காலியாகிறது என்று அளப்பது

இதுவரை செய்தும் குமட்டல், நாலு வாயில் வயிறு நிறைவது, உப்புசம் தொடர்ந்தால் இந்தப் பரிசோதனை. மிகச் சிறிதளவு கதிரியக்கப் பொருள் கலந்த திட உணவைக் கொடுத்து நான்கு மணி நேரம் வரை படம் எடுப்பார்கள். நான்காம் மணி நேரத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் மிச்சம் இருந்தால் மந்தம். முதல் மணி நேரத்திலேயே 30 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் அதிவேகம்.

பாட்ஸ் என்றாலே இரைப்பை மந்தம்தான் என்று நினைப்பது பெரிய பிழை. அதிவேகமாகக் காலியாவதும் நிறையப் பேருக்கு உண்டு. அறிகுறி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்; மருத்துவம் நேரெதிர். வேகமாகக் காலியாகும் இரைப்பைக்கு, உணவைக் கீழே தள்ளிவிடும் மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான்கு மணி நேரப் பரிசோதனைதானா என்று முன்பே கேட்டு உறுதிப்படுத்துங்கள். சீக்கிரம் முடித்தால் மந்தம் தப்பிவிடும். குடலின் வேகத்தை மாற்றும் மருந்துகளை இரண்டு நாள் முன்பு நிறுத்தச் சொல்வார்கள். இதய மருந்துகளை நீங்களாக நிறுத்தக் கூடாது. வெறும் வயிற்றோடு போக வேண்டியதால் அன்று காலை வழக்கமான நீரும் உப்பும் இருக்காது. துணைக்கு ஒருவர் வரட்டும். படங்களுக்கு இடையே படுக்க இடம் கேளுங்கள்.

8. மாத்திரைத் தாளை எடுங்கள்

முதல் படியில் எழுதிய தாள் இப்போது பயன்படும்.

வயிற்று வலிக்குக் கடையில் சட்டென்று எடுத்துக் கொடுக்கும் டைசைக்ளோமின் துடிப்பைக் கூட்டும், குடலை மந்தப்படுத்தும். நமக்கு இரண்டுமே ஆகாது. வாந்திக்கான ஒண்டான்செட்ரான் மலச்சிக்கல் தரும். இரைப்பையிலிருந்து உணவைத் தள்ளிவிடும் மெட்டோகுளோபிரமைடு நீண்ட நாள் போனால் முகம், நாக்குத் தசைகள் தன்னிச்சையாக அசையும் கோளாறு நிரந்தரமாகவே தங்கலாம். டாம்பெரிடோன், ஒண்டான்செட்ரான் போன்றவை இதயத்தின் மின்னோட்டத்தைப் பாதிக்கக்கூடும். ஈசிஜி பார்க்காமல் சேர்க்காதீர்கள். பாட்ஸுக்குச் சிலருக்குக் கொடுக்கும் பைரிடோஸ்டிக்மின் துடிப்பைக் குறைக்கும், குடலையும் அசைக்கும். மலச்சிக்கல்காரருக்கு அது வரம், பேதிக்காரருக்குச் சாபம்.

ஒன்றைத் தடித்த எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். துடிப்பைக் குறைக்கும் ஐவாபிரடின் எடுப்பவர்கள் கிளாரித்ரோமைசினைச் சேர்த்து எடுக்கவே கூடாது. இரைப்பைக் கிருமியான ஹெலிகோபாக்டருக்கு எழுதிக்கொடுக்கும் மருந்துத் தொகுப்பில் பல நேரம் அது இருக்கும். வயிற்று மருத்துவருக்கு இதய மாத்திரை தெரியாது, இதய மருத்துவருக்கு வயிற்று மாத்திரை தெரியாது. இருவருக்கும் நடுவே இருப்பது உங்கள் தாள் மட்டும்தான்.

9. உணவை விலக்குவது

இப்போது அந்த முதல் கேள்வி. உப்புசமும் வலியும் எஞ்சியிருந்தால், குடலில் புளித்து வாயு உண்டாக்கும் சில வகைச் சர்க்கரைகளைக் குறைக்கும் ஃபோட்மேப் முறையை முயலலாம். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவானது இது. வெங்காயம், பூண்டு, கோதுமை, பயறு வகைகள், பால், மாம்பழம் ஆகியவை பட்டியலில் வரும். சாம்பாரிலிருந்து வெங்காயத்தையும் பருப்பையும் எடுத்தால் என்ன மிஞ்சும் என்று வீட்டில் கேட்பார்கள்; நியாயமான கேள்வி. அரிசி, முட்டை, மீன், கேரட், கத்தரிக்காய், பெருங்காயம் போட்ட தெளிவான ரசம் என்று ஓட்டலாம். கட்டிப் பெருங்காயத்தில் பல நேரம் கோதுமை மாவு கலந்திருக்கும், அளவாகப் போடுங்கள்.

இரண்டு முதல் ஆறு வாரம், அதற்கு மேல் வேண்டாம். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். ஒன்றுக்கு மூன்று நாள். திரும்பச் சேர்ப்பதுதான் இந்த முறையின் பாதி. அதைச் செய்யாமல் விலக்கலிலேயே தங்கிவிட்டால் உடல் மெலியும். ஏற்கெனவே மெலிந்திருப்பவர்கள் உணவு ஆலோசகர் இல்லாமல் இதைத் தொடங்கவே வேண்டாம். நீர்கூடக் குடிக்காத விரதங்களுக்கும் இதே விதி. சஷ்டியோ நோன்போ, மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

ஒவ்வொரு உணவையும் திரும்பச் சேர்க்கும் மூன்று நாளும் பழையபடி சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் படுத்தும் நின்றும் துடிப்பைப் பாருங்கள். பருப்பு சேர்த்த அன்று உப்புசம் கூடி, துடிப்பு மாறாமல் இருந்தால் பருப்பின் மேல் சந்தேகப்படலாம். துடிப்பும் சேர்ந்து ஏறியிருந்தால், அன்று காலை தலைமாட்டுப் பாட்டில் காலியானதா என்று முதலில் பாருங்கள்.